நத்தை மார்க் 214

பார்சலில் ஆறு இசைத்தட்டுகள் இருந்தன. ஆறும் நத்தை மார்க். லேபிளில் நத்தைப் படம் போட்ட அந்த கிராமபோன் கம்பெனி இரண்டே வருடத்தில் மூடிவிட்டது. நத்தைக்குப் பொருந்தாத வேகம். அது வெளியிட்ட தட்டுகளில் நாற்பத்தொன்று கண்ணாடிக் கடைக்காரரிடம் இருந்தன. இன்றோடு நாற்பத்தேழு.

காலையில் கடையில் கூட்டமில்லை. மூக்குக்கண்ணாடி ரிப்பேருக்கு வைத்திருக்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டார். ஒவ்வொரு தட்டிலும் பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே ஓர் எண் கீறியிருக்கும். பாடிய அன்றே ஒலிப்பதிவு அறையில் கீறுவது அது. லேபிள் பிறகு, தட்டு அச்சாகும்போது சேருவது; மாறிப்போகலாம். எண் மாறாது. "லேபிளை நம்பாதீங்க, கீறலைப் படிங்க" என்று மற்ற சேகரிப்பாளர்களுக்கு அவரே சொல்வார்.

211, 212, 213. ஆறு லேபிளிலும் ஒரே பாடகியின் பெயர். 214 வந்ததும் பேனா நின்றது. அந்த எண்ணை நான்கு வருடத்துக்கு முன்பே நோட்டில் எழுதியிருந்தார். அது அவருடைய மாமியாரின் தட்டு.

மாமியாரை அவர் பார்த்ததில்லை. மனைவிக்கே அம்மாவின் நினைவு கிடையாது; இவளுக்கு இரண்டு வயதானபோது அவர் இறந்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்பு நத்தை மார்க்கில் ஒரே ஒரு தட்டு பாடியிருக்கிறார் என்பது மட்டும் வீட்டில் வழங்கிய பேச்சு. பதினொரு வருடம் தேடி அதைக் கொண்டுவந்து மனைவியின் கையில் கொடுத்தார். பாட்டின் முதல் வரியை அச்சிடக்கூட மை செலவழிக்காத கம்பெனி அது. ஆனால் மாமியாரின் பெயர் இருந்தது. சந்தோஷத்தில் அவர் பெயரோடு நின்றுவிட்டார்.

கடையிலிருந்த கிராமபோனை முடுக்கிப் புதுத் தட்டைப் போட்டார். அதே பாட்டு. இரண்டாவது அடியில் அதே இடத்தில் அதே மூச்சு. 215, 216 இரண்டிலும் அதே குரல்தான். அப்படியானால் அது அந்தப் பாடகியின் குரல், மாமியாருடையது அல்ல.

மதியம் கடையைப் பூட்டிவிட்டு மச்சான் வீட்டுக்குப் போனார். மனைவியின் அண்ணன், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மா இறந்தபோது அவருக்கு ஒன்பது வயது.

"வாங்க மாப்ள. ஊர்ல எல்லாருக்கும் கண்ணு நல்லாத் தெரிய ஆரம்பிச்சிடுச்சா? கடைய மூடிட்டு வந்திருக்கீங்க."

கடைக்காரர் விஷயத்தைச் சொன்னார். மச்சான் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வேர்க்கவில்லை.

"எனக்கு அன்னிக்கே தெரியும்."

"எது?"

"அது அம்மா இல்லன்னு. ஊசி வச்ச உடனே தெரிஞ்சுது."

"அம்மாதான்னு சொல்லி அழுதீங்களே மச்சான்!"

"அவ மூஞ்சியப் பாத்தீங்கள்ல? அம்பத்தஞ்சு வயசுல அம்மா கிடைச்ச மூஞ்சி. அதப் பாத்துட்டு இல்லன்னு சொல்லச் சொல்றீங்களா? நீங்க சொல்வீங்களா?"

கடைக்காரர் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"விடுங்க மாப்ள. தெரிஞ்சது ரெண்டு பேருக்கு. ரெண்டு பேரும் வாய மூடிட்டா தீந்துது."

கடைக்குத் திரும்பியதும் அவர் நோட்டைத் திறந்தார். மாமியாரின் தட்டுக்கு எதிரே நடுவிலிருந்த 1ஐ 4 ஆக்கினார். சுலபமாக இருந்தது. இருபத்தாறு வருட நோட்டில் அதுதான் முதல் பொய்.

நோட்டிலுள்ள தட்டுகளின் பட்டியலை அச்சுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. தட்டச்சு செய்வது எப்போதும் மனைவிதான். பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் பத்திரங்களை அடித்தவள். மறுநாள் காலை வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அடித்துக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"ஏங்க, 244ல நடு நாலு மட்டும் மை புதுசா இருக்கு?"

"தப்பா எழுதியிருந்தேன்."

"நீங்களா?" சிரித்தாள். "கல்யாண நாளையே மறப்பீங்க. இதுல தப்பு விட்டு நான் பாத்ததில்லையே."

பக்கத்தைப் புரட்டினாள். புதிதாக எழுதிய 214இல் விரல் நின்றது. திருத்திய பத்திரம் எத்தனையோ பார்த்த கண். சிரிப்பு போய்விட்டது. எழுந்துபோய் அம்மாவின் தட்டை எடுத்துவந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்த பூதக்கண்ணாடியை அவளே உருவிக்கொண்டாள். அம்மா தட்டின் கீறலைப் படித்தாள். பிறகு, கடையிலிருந்து வந்திருந்த புதுத் தட்டைப் படித்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஆமா."

"எது பொய்?"

"நம்மோடது. லேபிள் மாறியிருக்கு."

அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அழவில்லை. "அப்ப எங்கம்மா எங்க?" என்றாள்.

"வேற யார் பேரயாவது போட்டிருப்பாங்க. நம்மகிட்ட இருக்கிற நாப்பத்தேழுலயே இருக்கலாம்." சொல்லச் சொல்ல அவருக்கே நம்பிக்கை வந்தது. "மச்சானுக்கு அந்தக் குரல் தெரியும். அன்னிக்கே அவர்..."

நிறுத்திக்கொண்டார். தாமதமாகிவிட்டது.

"அன்னிக்கே?"

எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டு முடித்துவிட்டு அண்ணனுக்கு போன் செய்தாள். "உடனே கிளம்பி வா." அவ்வளவுதான்.

மச்சான் அரை மணியில் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டார். கேலி எதுவும் வரவில்லை. மேசையில் பெண்கள் பாடிய நத்தை மார்க் தட்டுகள் மட்டும் அடுக்கியிருந்தன. பத்தொன்பது.

"ஒவ்வொண்ணா போடுறேன். அம்மா வந்தா சொல்லு."

மச்சான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முதல் தட்டுக்குத் தலையசைத்து மறுத்தார். இரண்டாவதுக்கும் அப்படியே. நான்காவதை மறுபடி போடச் சொன்னார். ஏழாவது பாதியில் கண்ணைத் திறந்தார்.

"நிறுத்து பாப்பா."

"இதுவா?"

"தெரியல."

"நல்லாக் கேளு."

"அன்னிக்கு அவ்வளவு தெளிவா இருந்துச்சு. அதுக்கப்புறம் நாலு வருஷம், ஞாயித்துக்கிழமை தவறாம இதே நாற்காலியில உக்கார வச்சு அந்தப் பாட்டையே போட்ட. நானும் தலையாட்டினேன்." துண்டை வாயில் வைத்துக்கொண்டார். "இப்ப அம்மாவ நினைச்சா அந்தப் பொம்பளதான் வந்து பாடுறா."

பாட்டு முடிந்து ஊசி வெறும் வட்டத்தில் உரசிக்கொண்டிருந்தது. "முதல் நாளே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்த கடைக்காரர், தான் திருத்திய நோட்டு மேசையில் திறந்தே கிடப்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

அவள் ஊசியைத் தூக்கினாள். தட்டைத் துடைத்து உறையில் போட்டாள். எட்டாவதை எடுத்து வைத்தாள்.

"வேண்டாம் பாப்பா. எனக்குத் தெரியப் போறதில்ல."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லு," என்றாள், கிராமபோனை முடுக்கிக்கொண்டே. "அதையாவது சொல்லு."