சின்னத்தங்கத்தின் பெயரில் ஒரு நோய்

புத்தூரில் வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்த சின்னத்தங்கத்தைத் தேடிவந்து தபால்காரர் ஒரு கடிதம் கொடுத்தார். ஆங்கிலக் கடிதம். அவள் மண் கையைச் சீலையில் துடைத்துவிட்டு, தோட்டச் சொந்தக்காரர் ஆழ்வாப்பிள்ளையிடம் நீட்டினாள்.

"ஐயா, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ."

வாசித்தவரின் முகம் வெளிறியது. வெளிறாமல் என்ன செய்யும்? பெயர்தான் சின்னத்தங்கம். நோய் அவருடைய மகள் ஜெயகௌரிக்கு.

ஜெயகௌரியின் உள்ளங்காலில் ஒரு மச்சம் இருந்தது. "காலிலை மச்சமெண்டால் கடல் கடந்து போவாள்" என்று தாய் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். லண்டன் மாப்பிள்ளையும் பொருந்தினான். ஆனால் மச்சம் புளியங்கொட்டையளவு பருத்துக் கசியத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன தகப்பன் பதிவில் மகளின் பெயரைக் கொடுக்கவில்லை. விசயம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டால்? காலையில் தோட்டத்தில் கண்ட கூலிக்காரியின் பெயரும் விலாசமும்தான் வாயில் வந்தன. அவளுடைய முதுகைப் போலவே பெயரையும் கூலிக்குப் பிடித்ததாக நினைப்பு! ஜெயகௌரி தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். டொக்டர் பிரசாந்தி மச்சத்தில் ஒரு துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். "கலியாணம் முடியட்டும், மிச்சத்தை லண்டனிலை பாப்பம்" என்ற ஆழ்வாப்பிள்ளை பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

கடிதம் சொன்னது இதுதான்: தோல் புற்றுநோய். நோய்பிடித்த உயிர்க்கலங்களில் உள்ள ஒரு புரதத்தை மட்டும் தேடிப்போய் ஒட்டும் அடையாளச் சாயம் இந்தத் துண்டில் நன்றாக ஒட்டியிருக்கிறது. அந்தப் புரதத்தையே குறிவைத்துத் தாக்கும் மாத்திரை உண்டு. உடனே வரவும்.

"என்ன ஐயா எழுதிக்கிடக்கு?"

"உனக்குப் புற்றுநோயாம். மருந்தில்லையாம், அங்கை போய் அலையாதை. நாளையிலை இருந்து தோட்டத்துக்கும் வராதை, சனம் ஒருமாதிரிக் கதைக்கும்."

கூசாமல் சொன்னார், பாவி மனிதர். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கலியாணத்துக்கு மூன்று மாதத்துக்குச் சற்று மேல் இருந்தது. அதுவரை தாங்காதா என்று நினைத்தார்.

கதை ஊரெல்லாம் பரவியது. சின்னத்தங்கத்தை அதன்பிறகு ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டில் தேத்தண்ணீர் கேட்டால் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் அவள் சாவுக்குக் காத்திருந்தாள். சாகவுமில்லை, நோகவுமில்லை. கடைசியில் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்த் தன் பெயரைச் சொன்னாள்.

டொக்டர் பிரசாந்தி அவளுடைய இரண்டு உள்ளங்கால்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெடிப்பு இருந்தது, தழும்பு இல்லை.

"அம்மா, நான் வெட்டினது உங்கடை காலை இல்லை. அது ஒரு இளம்பிள்ளை. தகப்பனோடை வந்தவ."

கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டவருக்கும் ஒரு மகள் உண்டு. சின்னத்தங்கத்துக்கு விளங்கிவிட்டது. நேரே கலியாண வீட்டுக்குப் போனாள். பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பிள்ளை, உன்ரை காலைக் காட்டு."

ஜெயகௌரி காட்டினாள். காட்டிவிட்டு அழுதாள். அன்றைக்கே அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நோய் நுரையீரலுக்கும் ஈரலுக்கும் பரவியிருந்தது.

"கடிதம் கிடைச்ச உடனை வந்திருந்தால் காப்பாத்த வழியிருந்தது. இப்ப இந்த மாத்திரை கொஞ்ச நாளைத்தான் கூட்டித் தரும்" என்றார் டொக்டர்.

லண்டன்காரர் ஒரு வரியில் சம்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆழ்வாப்பிள்ளை கூலிக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினார். "என்னை மன்னிச்சுக்கொள் தங்கம்."

அவள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"நோய் வருத்தத்தை ஒளிச்சால் மானம்தான் தப்பும் ஐயா, ஆள் தப்பாது. என்ரை பேரிலை வந்த வருத்தத்தை எனக்குச் சொன்னியள். வந்த மருந்தை உங்கடை பிள்ளைக்குக்கூடச் சொல்லேல்லை."