நகர்த்தக் கூடாத நாற்காலி

தில்லியில் துவாரகாவுக்கு அப்பால் எழவிருந்த ஒரு பொறியியல் கல்லூரிக்காகச் சுபாஷிணி வரைந்த கட்டடத்தில் குளிர்சாதனம் கிடையாது. ஒரு விசிறி இழுக்க, மண்ணுக்கடியில் புதைத்த குழாய்களின் வழியே வந்து குளிர்ந்த காற்று அறைகளுக்குள் நுழையும். மேற்குச் சன்னல்களின் முன்னே துளைதுளையாக அடுக்கிய செங்கல் திரை, அதாவது ஜாலி, வெயிலைத் தடுக்கும். குழாய்களைப் பொய்க்கூரை போட்டு மறைக்கவும் இல்லை. மாணவர்கள் அண்ணாந்து பார்த்து, அளந்து கற்றுக்கொள்ளட்டும் என்பது அவள் எண்ணம். குளிர்சாதனத்துக்காக எங்கோ எரிய வேண்டிய நிலக்கரி டன் கணக்கில் மிச்சமாகும்.

கல்லூரிக் குழுவுக்குக் கணக்கு பிடித்திருந்தது, நம்பிக்கைதான் வரவில்லை. மனையிலேயே ஒரு மாதிரி அறையைக் கட்டி, மே மாதத்தில் பதினைந்து நாள், பதினொரு மணி முதல் ஐந்து மணி வரை மூன்று பேரை உட்காரவைக்கச் சொன்னார்கள். மூவரும் மணிக்கொரு முறை படிவத்தில் குறி போட வேண்டும். சுகம் என்று தெரிந்தால் அவள் திட்டம்; இல்லையென்றால் அறைக்கு அறை ஏசி.

அவள் அலுவலகத்திலிருந்து வரைவாளர் மாதுரியும் மேற்பார்வையாளர் ஜெயசீலனும் முன்வந்தார்கள். மூன்றாவது ஆளாக அவள் கணவர் வேதாந்தம் வந்தார். மத்திய அரசில் முப்பத்தாறு ஆண்டுகள், பிறர் எழுதிய குறிப்புகளில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கி, அந்த ஜனவரியில்தான் ஓய்வு பெற்றவர்.

பதினைந்தாம் நாள் மாலை, ஜனக்புரி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சுபாஷிணி படிவங்களைப் பிரித்தாள். மாதுரி, எல்லா நாளும் சுகம். ஜெயசீலன், எல்லா நாளும் சுகம். வேதாந்தத்தின் படிவங்களை மேலாகத்தான் புரட்டினாள்: மூன்று மணி வரை சுகம். நான்குக்கும் ஐந்துக்கும், எடுத்த தாளிலெல்லாம், ‘சற்று வெப்பம்’.

“ஏன்னா, இது என்ன?”

“வெப்பம்.”

“அறை முப்பத்தொரு டிகிரி. வெளியில நாப்பத்துமூணு. இதுல உங்களுக்கு என்ன வெப்பம்?”

“குறிப்புல எழுதியிருக்கேனே, பாரு.”

பார்த்தாள். அச்செழுத்துப் போன்ற கையெழுத்தில், ‘மணி 3.20 முதல் இடக்கையில் இரண்டு விரற்கடை அகல வெயில் விழுகிறது.’

“நாற்காலியை ஒரு ஜாண் நகத்தியிருக்கலாமே.”

“நகத்தக் கூடாதுன்னு நீதானே போட்டிருக்கே, மூணாவது வரியில.”

“அதுக்காகப் பதினஞ்சு நாளும் வெயில்ல கையை நீட்டிண்டு உக்காந்தேளா?”

“கைப்பிடியிலதான் கையை வெக்கணும்னும் போட்டிருக்கே. நாலாவது வரி.”

அவள் சமையலறைக்குப் போய் ரசத்தை வேண்டியதற்கு மேல் கொதிக்கவைத்தாள். இரண்டு பேருடைய படிவம் போதாதா என்று ஒருகணம் தோன்றியது. திரும்பி வந்தபோது வேதாந்தம் தம் படிவங்களைத் தனியே எடுத்து வைத்திருந்தார்.

“வேணாம்னா விட்டுடு, சுபா. ஆனா மூணாவது ஆள் எங்கேன்னு கேப்பா.”

அவள் அவற்றைக் கட்டின் அடியில் செருகினாள்.

குழுத் தலைவர் பேராசிரியர் சேத்தி மறுநாள் பிற்பகல் மனைக்கு வந்து, கட்டின் மேலிருந்த இருவரின் படிவங்களைப் புரட்டிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “பதினெட்டாம் தேதி ஆந்தி, புழுதிப் புயல், வந்தது, மேடம். பாலம் விமான நிலையப் பக்கம் முழுக்கப் பிற்பகலெல்லாம் மின்சாரம் இல்லை. உங்கள் விசிறி நின்றிருக்கும். குழாயில் காற்று வந்திருக்காது. அன்றைக்கும் இவர்களுக்குச் சுகமாம்.” ஹிந்தியில் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மாதுரி தரையைப் பார்த்தாள்.

பிறகு அவர் அடியிலிருந்த படிவங்களை உருவினார். பதினெட்டாம் தேதியன்று வேதாந்தம், ‘மணி 2, மிகுந்த வெப்பம். விசிறி நின்றுவிட்டது’ என்று எழுதியிருந்தார். சேத்தி மெள்ளப் படித்தார். இடக்கை வரிக்கு வந்ததும் எழுந்துவிட்டார்.

“சலியே, வாருங்கள். ஜாலியைப் பார்ப்போம்.”

மாதிரி அறையில் மூன்று இருபதுக்கு வெயில் சொன்ன சொல் தவறாமல் கைப்பிடியில் வந்து உட்கார்ந்தது. சேத்தி ஜாலிக்குள் அளவுகோலை நுழைத்தார். ஒன்பது அங்குல ஆழம் இருக்க வேண்டிய செங்கல், மேல் இரண்டு வரிசையில் மட்டும் நாலரை அங்குலம்.

“செங்கல் பத்தல மேடம்,” என்றான் ஜெயசீலன், தாழ்ந்த குரலில். “அரைச்செங்கல் வெச்சு முடிச்சிட்டேன். கண்ணுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்.”

“கண்ணுக்குத் தெரியலை,” என்றாள் சுபாஷிணி.

“என் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு இதைக் கணக்காகக் கொடுக்கலாம்,” என்றார் சேத்தி. அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஜாலியைத் திருத்துங்கள், இன்னும் ஒரு வாரம் பார்ப்போம், ஆனால் ஒரே ஒரு ஆள் போதும், இடக்கையைப் பற்றி எழுதினவர் மட்டும் உட்காரட்டும் என்றார்.

திருத்திய ஜாலியின் முதல் நாள் சுபாஷிணியும் அறைக்கு வந்திருந்தாள். மூன்று இருபது ஆயிற்று. கைப்பிடி நிழலில் கிடந்தது. நான்கு மணிக்கு வேதாந்தம் பேனாவைத் திறந்தார், குறி போடவில்லை.

“என்ன யோசனை?”

“சுகம்னுதான் தோணறது.”

“அப்போ போடுங்கோளேன்.”

“நெஜமாவே சுகமா இருக்கா, சுகமா இருக்கணும்னு நான் ஆசைப்படறேனான்னு தெரியலை. ஆசை இருக்கறவன் குறி போடறது முறையில்லை, சுபா.”

கல்யாணமாகி இருபத்தொன்பது வருடத்தில், ஆசை என்ற சொல் வரை அவர் வந்ததில்லை. அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“கை சுடறதா?”

“இல்லை.”

“அதை எழுதுங்கோ. அதுல ஆசை எங்கே வந்தது?”

அவர் சற்று யோசித்து, அது சரியென்று ஒப்புக்கொண்டு, எழுதினார்.

ஜூலையில் குழு குளிர்சாதனத்தைத் திட்டத்திலிருந்து நீக்கியது. தீர்மானத்தின் நகலோடு ஏழு படிவங்களும் இணைப்பாக வந்தன. நான்கு மணிக் கட்டத்துக்கு எதிரே ஏழிலும் ஒரே வரி: ‘இடக்கை சுடவில்லை.’ ஒன்றைப் படித்தால் போதும் என்று தெரிந்தும் சுபாஷிணி ஏழையும் வரிசையாகப் படித்தாள்.