தனக்கோடிக்குச் சாட்சி

"உண்மையைச் சொல்லு. யார் வீட்டுப் பிள்ளையை வாடகைக்குப் பிடிச்சே?" என்று அதட்டினார் கோவிந்தப்பா.

ஊனமுற்ற பிள்ளைகளுக்குச் சர்க்கார் தரும் படிப்பு உதவிக்காக ஜீவனஹள்ளிக்கு விசாரிக்க வந்த குமாஸ்தா அவர். சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர். ஆனால் இன்று அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பிய ஒன்பது வயதுத் தனக்கோடி பாயில் உட்கார்ந்திருந்தாள். தெருவில் ஒருவருக்கும் அவளைத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு பியாட்ரிஸ் வாசலில் நின்றபடி தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

"இவங்களுக்கு தனலக்ஷ்மி ஒருத்திதான் சார். சின்னது ரெண்டு வயசுலயே காய்ச்சல்ல பூடுச்சுன்னு ஆதிகேசவன் அண்ணனே சொன்னாரே!"

தனக்கோடியின் அப்பா ஆதிகேசவன் தலை நிமிரவில்லை. அப்படிச் சொன்னது அவர்தான். வீட்டில் நொண்டிப் பெண் இருந்தால் மூத்தவளைக் கட்ட எவன் வருவான்? ஊர் வாய்க்குப் பயந்து, பெற்ற பெண்ணைக் கதவுக்குப் பின்னால் உட்கார வைத்துக் கருமாதி செய்யாத குறையாகச் சாகடித்திருந்தார். இப்போது தெருக்கோடி அப்பாதுரை வீட்டில் மூத்தவளுக்குச் சம்பந்தம் பேசியாயிற்று. இந்த நேரத்தில்தான் சின்னவள் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று அழுதாள். தாய் சந்திரம்மா மனம் பொறுக்காமல் மனுப் போட்டாள்.

"உன் பொண்ணா, இல்லையா? இந்தத் தெருவுல ஒருத்தராவது ஆமான்னு சொல்லட்டும். இல்லேன்னா மனுவைத் தள்ளிடுவேன்."

"எம் மச்சினிச்சி பொண்ணு சார். கோலார்ல இருந்து வந்திருக்குது" என்றார் ஆதிகேசவன்.

பாவி மனுஷன்! சந்திரம்மா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். தனக்கோடி அழவில்லை. இல்லாதவளாக இருந்தே பழகியவள் அவள்.

சமையற்கட்டிலிருந்து தனலக்ஷ்மி வந்தாள். தங்கையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எங்கடி போற? அப்பாதுரை வூட்டுக்காரங்க பாத்துட்டா?"

"அங்கதாம்ப்பா போறேன். சார், நீங்களும் வாங்க."

அப்பாதுரையின் மனைவி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே, இது என் கூடப் பொறந்தவ. சாகல. எங்க வூட்டுப் பொண்ணுதான்னு சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

அந்த அம்மாள் தொங்கிய கால்களைப் பார்த்தாள். முறத்தோடு எழுந்தாள்.

"இந்தக் கொழந்தைய எங்களுக்குத் தெரியாது சார். தூக்கினு நிக்கிறவளையும் தெரியாது."

கதவு சாத்திக்கொண்டது. தனலக்ஷ்மி தங்கையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.