மாத்திரைக்கு அமாவாசை

ஆரணியில் அமாவாசை அன்று கைத்தறிகள் ஓய்வெடுக்கும். அன்று மாத்திரைக்கும் லீவு என்று சட்டம் போட்டவர் ஹேமலதாவின் கணவர் பழனி.

ஹேமலதாவுக்கு மார்பில் வந்த புற்றுநோய் எலும்புக்கும் பரவியிருந்தது. வேலூர் டாக்டரம்மா கொடுத்த மாத்திரையை மூன்று வாரம் சாப்பிட வேண்டும், ஒரு வாரம் விட வேண்டும். ஏன் என்றும் அவர் பொறுமையாகச் சொல்லியிருந்தார். சிடிகே 4 என்று ஒரு மரபணு, எல்லோர் உடம்பிலும் உண்டு. அதிலிருந்து உண்டாகும் நொதி பச்சைக்கொடி காட்டினால் செல் இரண்டாகப் பிரியும். நோய் பிடித்த செல்லுக்கோ ஓயாமல் பச்சைக்கொடிதான். மாத்திரை அதைத் தடுக்கிறது. கூடவே ரத்த அணுக்களும் குறைவதால், அவை தேறி வரத்தான் அந்த ஒரு வாரம்.

பழனி தலையைத் தலையை ஆட்டிக் கேட்டார். கேட்டு என்ன? வீட்டுக்கு வந்ததும் சொந்தக் கணக்கை ஆரம்பித்துவிட்டார். மாத்திரை அட்டை அமாவாசைக்கு ஓரிரு நாள் முன்பே தீர்ந்தாலும், லீவை அமாவாசையிலிருந்துதான் எண்ணுவார். ஹேமலதாவும் மறுக்கவில்லை. தறியும் இல்லை, மாத்திரையும் இல்லை என்று இருவரும் சேர்ந்து திருமலைக்குப் போய்வருவது அவளுக்குப் பிடித்திருந்தது.

அடுத்த ஸ்கேன் எடுத்துவிட்டு டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தபோது குட்டு உடைந்தது.

"கடைசி மாத்திரை எப்பம்மா போட்டீங்க?"

"அமாவாசைக்கு ரெண்டு நாள் முன்னாடிங்க. அமாவாசை போயி ஒரு வாரம் ஆனாத்தான் அடுத்த அட்டை."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ மாசா மாசம் ஒரு வாரத்துக்கு மேலயே விட்டிருக்கீங்க!"

பழனிக்கு முகம் செத்துவிட்டது. ஸ்கேன் முடிவை டாக்டரம்மா இன்னும் பார்க்கவில்லை. நோய் வளர்ந்திருந்தால், தன்னால்தான் என்று இந்த மனிதர் உடைந்துபோவாரே என்பதுதான் ஹேமலதாவின் பெரிய பயமாக இருந்தது.

டாக்டரம்மா கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். "புதுசா எங்கயும் வரலம்மா. இருந்ததும் அடங்கித்தான் இருக்கு. நல்ல வேளை. இனிமே காலண்டர் தேதிப்படிதான். அமாவாசையை உங்க தறியோட வெச்சுக்குங்க."

ஹேமலதாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

ஆரணிக்குத் திரும்பும் பஸ் கண்ணமங்கலத்தைத் தாண்டியது.

"உனக்கு லீவு வுடற அன்னிக்கு, நான் தறியில குந்திகினு இருப்பனே" என்றார் பழனி.

"இருங்களேன். நான் பக்கத்துல பேசிகினு இருக்கேன்."

"அதெல்லாம் வாணாம். அன்னிக்கும் தறி நிக்கும்."

காய்ச்சலில்கூட, அமாவாசை தவிர ஒரு நாளும் தறியை நிறுத்தியறியாத மனிதர். ஹேமலதா அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். யார் பார்த்தால் என்ன?