குடும்பப் பேக்கில் ஆவுடையம்மாள் இல்லை

குற்றாலிங்கம் மாடியில் டிஷ் வைத்து, குடும்பப் பேக்கைத் தேர்ந்தெடுத்த அன்று அவர் மனைவி ஆவுடையம்மாளின் குரல் வீட்டுக்குள் நின்றுபோனது. பேக்கில் நூற்றெண்பது சேனல்கள் இருந்தன. மீன் வளர்ப்புக்கே மூன்று. படிவத்தில் ஆவுடையம்மாளுக்கும் ஒரு கட்டம் இருந்தது. அதில் மட்டும் அவர் டிக் போடவில்லை.

"ஏங்க, சாப்பிட வாங்க" என்றாள். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. அவள் கழுத்துக்குக் கீழே ஒரு எழுத்துப் பட்டை ஓடியது: இந்தச் சேனல் உங்கள் பேக்கில் இல்லை. குற்றாலிங்கம் அதைப் படித்துவிட்டுத் தலையசைத்தார். தானே சோற்றைப் போட்டுக்கொண்டு மீன் பார்க்க உட்கார்ந்தார்.

வாசற்படியைத் தாண்டினால் குரல் வந்தது. தெருவில் நின்று கஸ்டமர் கேருக்குப் போன் போட்டாள்.

"நீங்கள் இருக்கிறீர்கள் என்றால் எண் ஒன்றை அழுத்தவும்."

அழுத்தினாள்.

"தவறான தேர்வு. குடும்பத் தலைவரை அழுத்தச் சொல்லவும்."

ஆவுடையம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்தாறு வருஷம் அந்த வீட்டில் பொங்கிப் போட்டவள் இருக்கிறாளா இல்லையா என்று எவளோ ஒருத்தி கேட்கிறாள். போனை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே போனதும் திட்ட முடியாமல் போனது. அது இன்னும் எரிச்சல்.

மூன்றாம் நாள் மெக்கானிக் ஸ்பானரோடு வந்தார். பேக்கில் விடுபட்டவர்களைச் சேர்ப்பது அவருடைய வேலை.

"ஒண்ணு சேத்தா ஒண்ண எடுக்கணும், அண்ணாச்சி."

"நான் எதன்னு எடுக்க?"

"மீன் மூணு இருக்கே. அதுல ஒண்ண எடுத்துருவோமா?"

"மூணும் வேற வேற மீன்லா."

குற்றாலிங்கம் பட்டியலை மடியில் வைத்து யோசித்தார். மெக்கானிக்குக்குத் தாடி முளைத்தது. சுவர்க் கடிகாரம் சங்கடப்பட்டு எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டது. ஆவுடையம்மாள் எதிரிலேயே நின்றாள்.

"ஒரு மாசம் போவட்டும். பாத்துக்கிட்டுச் சொல்லுதேன்" என்றார் குற்றாலிங்கம்.

டிக் போட மறந்திருந்தால்கூட அவள் பொறுத்திருப்பாள். நிதானமாக நிறுத்துப் பார்த்து மீன் பக்கம் சாய்ந்தாரே, அதுதான் ஆறவில்லை. மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்பானரைப் பிடுங்கினாள். அவர் ஒரு ரசீதை நீட்டி, "இதுல ஒரு கையெழுத்து, அக்கா" என்றார். போட்டாள்.

மாடிக்குப் பதினாறு படிகள். அன்று நூற்று நாற்பது இருந்தன. அவளுக்கு இருந்த கோபத்துக்கு அது போதவில்லை. மேலே டிஷ் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. திருகைத் தளர்த்தி, அதன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். கீழே நூற்றெண்பது சேனல்களும் நின்றன. பிறகு நூற்றெண்பதிலும் ஆவுடையம்மாள் வந்தாள், முந்தானையை இடுப்பில் செருகியபடி.

"ஏட்டி, மீன எங்க?" என்று கீழேயிருந்து குற்றாலிங்கம் கத்தினார்.

கல்யாணமான நாளிலிருந்து அவரை 'ஏங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். ரேஷன் கடையில் பெயர் கேட்டால்கூட வாயைத் திறக்காமல் கார்டை நீட்டுவாள்.

"குற்றாலிங்கம்!" என்றாள்.

டிவி அதை வீடு அதிரச் சொன்னது. தெருவில் பால்காரரின் வண்டி நின்றது. கதவுகள் திறந்தன. எதிர்வீட்டு வாத்தியார் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து நடுத்தெருவில் போட்டு உட்கார்ந்தார்.

"நடுவுல விளம்பரம் உண்டாம்மா?" என்று அண்ணாந்து கேட்டார்.

"கெடையாது" என்றாள் ஆவுடையம்மாள். கல்யாணத்தன்று காலையிலிருந்து ஆரம்பித்தாள்.