மாநிலத்துக்கு ஒரு சம்பளம்

எங்கள் கவுண்டியில், அரசுப் பணம் கேட்கும்போது வைக்கிற ஆதரவுக் கடிதத்தை ஆதரிப்பவர் எழுதுவதில்லை. பள்ளிக்கூடத்தில் நாங்களே எழுதி எடுத்துக்கொண்டு போவோம். முதலாளி எஞ்சினை அணைக்காமல் இறங்கி, டிரக் பானெட்டில் வைத்து ஒரு கிறுக்கு கிறுக்கித் தருவார். படிக்கமாட்டார். படித்தால் நம்மைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமாம். இந்த மரியாதையில்தான் எங்கள் தொழிற்கல்வி மொத்தமும் ஓடுகிறது.

பிரஷ் க்ரீக் உயர்நிலைப் பள்ளியில் நர்ஸ் உதவியாளர் வகுப்பு என்னுடையது. இரண்டு கட்டில், ஒரு சக்கர நாற்காலி, வலது கால் கழன்றுபோன ஒரு பொம்மை நோயாளி. பிள்ளைகள் அதற்கு 'மேயர்' என்று பேர் வைத்திருக்கிறார்கள், எப்படிப் புரட்டினாலும் ஒரு வேலையும் செய்யாது என்பதால். வாஷிங்டனிலிருந்து மாநிலம் வழியாக வருகிற தொழிற்கல்விப் பணம், அந்த 'கிராண்ட்', நின்றால் மேயரும் நானும் வெளியே. அதற்கு வசந்தகாலத்தில் விண்ணப்பம் போடவேண்டும். இந்த வருஷம் மாநிலம் ஒரு கோடு கிழித்துவிட்டது: அந்தக் கோட்டுக்கு மேலே சம்பளம் தருகிற வேலைக்குத்தான் பணமாம்.

மாவட்டத் தொழிற்கல்வி இயக்குநர் டுவெய்ன் காடில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"வெல்டிங் தாண்டிடுச்சு. டீசல் மெக்கானிக் தாண்டிடுச்சு. உன்னோடது மட்டும் கீழே நிக்குது, கெண்ட்ரா."

"உங்கள மாதிரி ரெண்டு பேர் எடை இருக்கற ஆளைத் தூக்கிக் குளிப்பாட்டறது மட்டமான வேலையா?"

"நான் சொல்லலம்மா. மாநிலம் சொல்லுது."

என் அம்மா நோரீன் அந்த மட்டமான வேலையைச் செய்துதான் என்னை நர்ஸிங் பட்டம் வாங்கவைத்தாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். அவள் முதுகு இன்றைக்கும் நிமிராது. சம்பளம் ஏன் கோட்டுக்குக் கீழே இருக்கிறது என்று மாநிலத்துக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். கவுண்டியில் முதியோர் இல்லம் இரண்டு, இரண்டுக்கும் முதலாளி ஒருத்தர்: வெண்டல் ஸ்டிடம். அவர் வைத்ததுதான் சம்பளம், இன்றைக்கும் அங்கே வேலைக்குப் போகிற என் அம்மாவுக்கும். எங்கள் பள்ளியின் ஆலோசனைக் கமிட்டிக்குத் தலைவரும் அவரே. கூட்டம் தவறாமல் எழுந்து "ஆள் இல்ல, ஆள் இல்ல" என்று கண்கலங்குவார்.

"ரெண்டு வழி இருக்கு" என்றார் டுவெய்ன். "வகுப்பை நர்ஸ் படிப்போட சேர்த்துடலாம். இங்க உதவியாளர் பயிற்சி, அப்படியே கல்லூரிப் பாடம், கடைசில நர்ஸ் உரிமம். கோட்டைச் சுலபமாத் தாண்டும். ஆனா அதுக்குக் கமிட்டித் தலைவர் கையெழுத்து வேணும். பொண்ணுங்க நர்ஸ் ஆயிட்டா வெண்டலுக்கு என்ன லாபம்?"

"இன்னொண்ணு?"

"கோட்டுக்கு மேல சம்பளம் தர்றதா அவரே ஒரு கடிதம் குடுத்தாப் போதும். போய்க் கேளு. மறுக்கவே மாட்டார்."

மறுக்கவில்லை. அடுத்த நாளே டிரக் பானெட்டில் கையெழுத்தாகிவிட்டது.

"இதுல என்ன சம்பளம் போட்டிருக்குன்னு பாக்கலையே?"

"நீ எழுதினது சரியாத்தான் இருக்கும் கண்ணு."

"நிஜமாவே அவ்வளவு தருவீங்களா?"

சிரித்தார். "அட, இது கிராண்ட் பேச்சும்மா. எனக்கு ஆள் வேணும், உனக்கு வகுப்பு வேணும். மாநிலத்துக்கு ஒரு காகிதம் வேணும். அம்மாவக் கேட்டதாச் சொல்லு."

பொய் என்று தெரிந்தே வாங்கிக்கொண்டேன். மாநிலம் ஏமாந்தால் ஏமாறட்டும், எனக்கென்ன என்று இருந்தேன்.

ஏமாந்தது மாநிலம் இல்லை. மக்கெய்லா ஃப்யூகேட். என் வகுப்பிலேயே வாய்த்துடுக்கு அதிகமான பெண். சனி ஞாயிறில் வெண்டலின் இல்லத்தில் துணி துவைக்கிறாள். பக்கத்துக் கவுண்டிக் கல்லூரியில் நர்ஸ் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. என் மேஜைமேல் கிடந்த கடிதத்தைப் படித்துவிட்டு நின்றாள்.

"மிஸ், இவ்வளவா தரப்போறார்? இது தெரியாம நான் வேற... கல்லூரி வேண்டாம்னு இன்னிக்கே போன் போட்டுச் சொல்லிடறேன். எதுக்கு அவ்வளவு தூரம் போய் அலையணும்? வீட்டுலயே இருந்துக்கலாம்."

"போடாத."

"ஏன்?"

"அது கிராண்டுக்கு எழுதினது."

சம்பளம் எழுதியிருந்த வரியில் விரலை வைத்தாள். "ஓ. மாநிலத்துக்கு ஒரு சம்பளம், எனக்கு ஒரு சம்பளம்." கடிதத்தை மேயரின் மார்பில் வைத்துவிட்டுப் போனாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெண்டல்மேல், டுவெய்ன்மேல், அந்தக் கோட்டைக் கிழித்தவன்மேல். அதைவிட, அந்தக் கடிதத்தை அழகாகத் தட்டச்சு செய்த என்மேல். அந்த வாரமே கல்லூரிக்குப் போய்ப் பேசி, விண்ணப்பத்தை முதலிலிருந்து மாற்றி எழுதினேன், நர்ஸ் உரிமம் வரைக்கும்.

கமிட்டி கூடுவது பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில், காலை உணவோடு. சமையல் வகுப்புப் பிள்ளைகள் பிஸ்கட் என்கிற மெத்தென்ற ரொட்டியும் சாசேஜ் கிரேவியும் பரிமாறுவார்கள். தட்டு காலியாவதற்குள் விண்ணப்பம் நிறைவேறிவிடும். வேலை செய்கிறவர்களோடும் கலந்துபேச வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. எங்கள் கமிட்டியில் அந்த இடத்தில் வருஷாவருஷம் வெண்டலின் மைத்துனர் உட்கார்ந்திருப்பார். இந்தத் தடவை நான் என் அம்மாவையும் இரவு ஷிஃப்ட் முடித்த பெண்களையும் கூட்டிவந்தேன். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள்.

"இவங்க எதுக்கு?" என்றார் டுவெய்ன்.

"விதி" என்றேன். எழுந்து வெண்டலின் கடிதத்தை உரக்கப் படித்தேன். எங்கள் கமிட்டியில் அதுவரை யாரும் ஒரு கடிதத்தையும் வாய்விட்டுப் படித்ததில்லை. சம்பளம் வந்த இடத்தில் வெண்டலின் முள்கரண்டி நின்றது.

அம்மா கையைத் தூக்கினாள். "வெண்டல், இது எந்த வாரத்துலேருந்து?"

"நோரீன், அது... கிராண்டுக்காக எழுதினது."

"கிராண்ட்னா யாரு? உன் வீட்டு ஆளா? அவளா வந்து கிழவங்களுக்குக் கால் கழுவறா?"

பெண்கள் சிரித்தார்கள். கிரேவிப் பாத்திரத்தோடு நின்ற பையன்கூடச் சிரித்தான்.

"என்னால அவ்வளவு குடுக்க முடியாது. உங்க எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப கையெழுத்து எதுக்குப் போட்டீங்க?" என்றேன்.

"நீதான எழுதிக்கிட்டு வந்தே!"

"ஆமா. நானும் சேர்ந்துதான் பொய் சொன்னேன். அதான் இப்பத் திருப்பிக் குடுக்கறேன்." கடிதத்தை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதன்மேல் புது விண்ணப்பத்தை வைத்தேன். "இது நர்ஸ் படிப்பு வரைக்கும் போகுது. இதுல பொய் இல்ல. கையெழுத்து மட்டும் வேணும்."

டுவெய்ன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். வெண்டல் இரண்டையும் எடுத்துக்கொண்டு வெளியே டிரக்குக்கு நடந்தார். நாங்களும் போனோம். கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். உள்ளேயிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பானெட்டில் காகிதங்களை வைத்து, ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். எஞ்சின் ஓடவில்லை.

"என்கிட்ட வரவேண்டிய பொண்ணுங்கள வேற ஊருக்கு அனுப்பறதுக்கு என் கையெழுத்தையே கேக்கறே."

"ஆமா."

"மாட்டேன்னா?"

"வகுப்பு மூடிடும். மக்கெய்லா எப்படியும் கல்லூரிக்குப் போயிடுவா. அவளுக்கு அடுத்தவ உங்க இல்லத்துத் துணியத் துவைச்சுக்கிட்டே இருப்பா. இல்ல, வேற மாநிலத்துக்குப் பஸ் ஏறுவா."

அவர் பேனாவை எடுக்கவில்லை. அம்மா டிரக்கின் கதவில் சாய்ந்து நின்றாள். நிற்க முடியாமல்தான் சாய்ந்தாள்.

"வெண்டல், இன்னிக்குச் சாயங்காலம் டபுள் ஷிஃப்டுக்கு என்னைக் கூப்பிடாத."

"நோரீன், அப்படிச் சொல்லாத. ஆளே இல்ல."

"தெரியும். நான் எனக்கு எழுதிக்குடுத்த ஷிஃப்டுக்கு வருவேன். மிச்சத்துக்குக் கிராண்டைக் கூப்பிடு."

"என்னையும் கூப்பிடாத" என்றாள் பின்னால் ஒருத்தி. "என்னையும்" என்றாள் இன்னொருத்தி.

அவருடைய இரண்டு இல்லமும் எதில் ஓடுகிறது என்று அவருக்குத் தெரியும்: இந்தப் பெண்கள் தூங்காமல் திரும்பி வருவதில். கடைசிப் பக்கத்தை இன்னொரு தடவை படித்தார். கையெழுத்துப் போட்டார். பழைய கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அடுத்த வருஷம் எனக்கு யாரு வருவா, கண்ணு?"

"தர்ற சம்பளத்த எழுதி வாசல்ல ஒட்டுங்க. படிச்சுட்டு வருவாங்க. இல்ல, வரமாட்டாங்க."

கண்ணு என்று கூப்பிடாதீர்கள் என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை, விண்ணப்பம் என் கையில் இருந்தது. டுவெய்ன் வாசலில் நின்று, இப்படி ஒரு கூட்டத்தைத் தான் பார்த்ததே இல்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார். பார்த்திருக்க மாட்டார்.

அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வழியிலேயே தூங்கிவிட்டாள். விண்ணப்பம் அன்றைக்கே போய்விட்டது. வகுப்பு பிழைக்கும். அவள் சம்பளம் மட்டும் அதே இடத்தில், கோட்டுக்குக் கீழேயே நிற்கிறது. சாயங்காலம் வெண்டலிடமிருந்து போன் வந்தது. அவளை எழுப்பாமல் நானே எடுத்தேன்.

"இல்ல, வரமாட்டா" என்று சொல்லிப் போனை வைத்தேன்.