ஆஸுக்குக் கீழே போட்ட சீட்டு

கமலக்கண்ணனுக்குச் சீட்டாட்டத்தில் மூளை கொஞ்சம் மந்தம். இதை அவருக்கு ஆகாதவர்கள் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கூடும் பிரிட்ஜ் கிளப்பில் அவர் தோளில் கைபோட்டுப் பேசுகிறவர்களே சொன்னார்கள். அரசாங்க ஆபீசில் அசிஸ்டென்ட். பதினெட்டு வருஷமாக அடுத்தவர் எழுதிய ஃபைலில் தப்புக் கண்டுபிடித்துப் பேர் வாங்கியவர். ஆனால் கையில் பதிமூன்று சீட்டு வந்து உட்கார்ந்தால், எது போயிற்று, எது யாரிடம் இன்னும் இருக்கிறது என்பதெல்லாம் நாலாவது சுற்றிலேயே அவருக்கு மறந்துபோகும். தோற்றபிறகு, முத்தியால்பேட்டை வீடு வரைக்கும் வண்டியில் வரும்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வரும்.

பிரிட்ஜ் தெரியாதவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் ஒரு கட்சி. முதலில் ஏலம். பதிமூன்று சுற்று, சுற்றுக்கு ஒரு பிடி; மற்றதை வெட்டும் துருப்பு இது, இத்தனை பிடி எடுப்போம் என்று ஒரு கட்சி வாக்குக் கொடுக்கும். அந்த வாக்கை உடைப்பது மற்ற கட்சியின் வேலை. உடைக்கிறவர்களில் ஒருவர் முதல் சீட்டைப் போட்ட பிறகுதான், வாக்குக் கொடுத்தவர்களில் ஒருவர் தன் சீட்டு முழுவதையும் மேசையில் விரித்து வைப்பார். அவருக்கு டம்மி என்று பெயர். உடைக்கிற இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்க்கக் கூடாது. ஏலத்தில் கேட்டதையும் விழுகிற சீட்டையும் வைத்து ஊகிக்க வேண்டும். ஆட்டத்தின் மானம் முழுக்க அந்த ஊகத்தில்தான் இருக்கிறது.

கமலக்கண்ணனுக்கு எதிரே உட்காருகிறவர் சொர்ணம். அறுபது வயது. கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். பிரான்சில் துலோன் துறைமுகத்தில் பதினாலு வருஷம் குடித்தனம் செய்தபோது பக்கத்து வீட்டு மதாம்களிடம் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார். கணவர் போனபிறகு ரெட்டியார்பாளையத்தில் தனியாக இருந்தார். இன்னமும் ஆர்ட்டினைப் பிரெஞ்சில் ‘கேர்’ என்றுதான் சொல்லுவார். கிளப்பில் அவரோடு ஆட யாரும் முந்திக்கொண்டு வரவில்லை, கமலக்கண்ணனோடு ஆடவும் யாரும் வரவில்லை. இப்படித்தான் அந்த ஜோடி சேர்ந்தது. இவருக்கு அவர் அக்கா, அவருக்கு இவர் தம்பி என்று கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள்.

சொர்ணத்திடம் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்தில் இருக்கிறவர் அசட்டையாகச் சீட்டைத் தாழ்த்திப் பிடித்தால், உடனே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். “சீட்டை ஒசத்திப் புடிங்க, தெரியுது” என்று அந்தப் பக்கம் பார்த்தபடியே சொல்லுவார். பிடித்தவர் உயர்த்திவிட்டேன் என்று சொல்லும்வரை திரும்பமாட்டார். கிளப்பில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். கமலக்கண்ணனும் சேர்ந்து சிரித்திருக்கிறார்.

2007 ஜனவரியில் கமலக்கண்ணன் வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்தது. கம்ப்யூட்டரில் உலகத்தில் எங்கெங்கேயோ இருக்கிறவர்களோடு பிரிட்ஜ் ஆடலாம் என்று தெரிந்ததும், அக்காவும் தம்பியும் தினமும் ஏழு மணிக்கு அவரவர் வீட்டிலேயே கம்ப்யூட்டர் முன் உட்காருவது என்று முடிவு செய்தார்கள். சொர்ணம் பிரான்சிலிருந்து கொண்டுவந்த கட்டம் போட்ட நோட்டு ஒன்றை எடுத்து ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகப் பிரித்தார். ஏலம், ஆட்டம், தடுப்பு. ஆட்டம் முடிந்ததும் போனில் பேசுவார்கள். ஏன் அப்படிக் கேட்டோம், ஏன் இதைப் போட்டோம் என்று கமலக்கண்ணன் சொல்லுவார், சொர்ணம் எழுதிக்கொள்வார். ஆறு மாதத்தில் தேறிவிட வேண்டும், ஜூலையில் கிளப்பிலிருந்து சென்னைப் போட்டிக்குப் போகிற நாலு பேரில் தாங்கள் இரண்டு பேராக இருக்க வேண்டும். சொர்ணத்தின் ஆசை அவ்வளவுதான். வீட்டை விட்டு வெளியே போக அவருக்கு வேறு காரணம் எதுவும் மிச்சமில்லை என்பது கமலக்கண்ணனுக்கும் தெரியும்.

ஜனவரி முழுக்கத் தோற்றார்கள். பிப்ரவரியில் ஒருநாள், தான் ஆடுவதை மனைவி பார்க்கட்டும் என்று கமலக்கண்ணனுக்கு ஓர் ஆசை. மகள் காலேஜுக்காக வாங்கிய இன்னொரு கம்ப்யூட்டரில் மனைவி வேம்பு பெயரில் ஒரு கணக்கைத் திறந்து, தன் மேசைக்குப் பார்வையாளராக அனுப்பினார். வேம்பு வெங்காயம் உரித்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடு ஆட்டத்தில், “அந்தம்மாகிட்ட ராணி இருக்குதே, அப்பறம் ஏன் முழிக்கிறீங்க” என்றாள். பார்வையாளருக்கு நாலு கையும் தெரியும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அன்று அவளை அதட்டினார். விளையாட்டில் அப்படிச் சொல்லக் கூடாது என்று நீதி பேசினார். மறுநாள் அவரே இரண்டு திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரே ஒரு ஆட்டம், சும்மா பார்க்கலாம் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டார். இந்த ‘ஒரே ஒரு’ இருக்கிறதே, அதைப் போல மனுஷனை ஏமாற்றுகிற வார்த்தை வேறு கிடையாது. மார்ச் பிறந்தபோது வேம்பு காபி கொண்டுவரும் காலடி கேட்டாலே இரண்டாவது திரையை மூடினார். சொந்த வீட்டில், கட்டின பெண்டாட்டிக்குப் பயந்து ஒளிகிற அளவுக்கு வந்துவிட்டார்.

ஜெயிக்க ஆரம்பித்தார்கள். அதுவும் எப்படி! மற்றவர் யோசித்து யோசித்துத் திணறுகிற இடத்தில் கமலக்கண்ணன் பளிச்சென்று சரியான சீட்டைப் போட்டார். அப்படிப் போட்ட சீட்டுகளில் ஒன்றுதான் இந்தக் கதையைக் கெடுத்தது.

எதிர்க்கட்சி இஸ்பேட் துருப்பில் பத்துப் பிடி எடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தது. நாலு பிடி எடுத்தால் உடைத்துவிடலாம். முதல் சீட்டு கமலக்கண்ணனுடையது. அவர் கையில் ஆர்ட்டின் ஆஸ், எட்டு, மூன்று. துருப்பு ஆட்டத்தில் ஆஸை வைத்துக்கொண்டு அதற்குக் கீழே சின்னச் சீட்டைப் போடக் கூடாது என்பது இந்த ஆட்டத்தில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம். அவர் மூன்றைப் போட்டார். டம்மியில் ராஜாவும் ஜாக்கியும் இருப்பதும், சொர்ணத்திடம் ராணியும் ஐந்தும் மட்டும் இருப்பதும் அவருக்குத்தான் தெரியுமே. ஆஸ் இந்தப் பக்கம் இருக்காது என்று நம்பி எதிராளி ஜாக்கியைப் போட்டார். சொர்ணம் ராணியால் பிடித்தார், ஐந்தைத் திருப்பினார். கமலக்கண்ணன் ஆஸால் பிடித்து மூன்றாவது ஆர்ட்டினைப் போட, சொர்ணம் துருப்பால் வெட்டினார். அதோடு தன் கிளாவர் ஆஸையும் வைத்தார். நாலு பிடி. வாக்கு உடைந்தது.

போனில் சொர்ணத்துக்கு மூச்சு வாங்கியது. எப்படித் தோன்றியது என்று கேட்டார். கமலக்கண்ணன் ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை. டம்மியாகப் போகிறவர் ஏலத்தில் ஆர்ட்டின் சொன்னார், ஆகவே ராஜா அங்கேதான். ஆஸுக்குக் கீழே யாரும் போடமாட்டார்கள் என்று எதிராளி நம்புவார், அந்த நம்பிக்கையைத்தான் நாம் அடிக்க வேண்டும். ஆபீசில் நோட் போட்ட கை அல்லவா, பொய்க்கும் நல்ல காரணம் எழுத வந்தது. சொர்ணம் அதை நாற்பத்தொன்றாம் பக்கத்தில், தடுப்பு என்ற பகுதியில், இரண்டு கோடு இழுத்து எழுதிக்கொண்டார்.

ஜூன் மூன்றாவது ஞாயிறு கிளப்பில் ஒத்திகை ஆட்டம். செக்ரட்டரி பாவாடை சார், ரிட்டையரான சப்ரிஜிஸ்திரார், கம்ப்யூட்டரில் அவர்கள் வாங்கிய மதிப்பெண்களை அச்செடுத்து வைத்திருந்தார். டீமில் இரண்டு பேருக்கும் இடம் ஏறக்குறைய உறுதி. நேரில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும், அவ்வளவே.

கமலக்கண்ணன் அன்று பழைய கமலக்கண்ணனாக ஆடினார். எண்ணத் தெரியவில்லை, நான்கு மாதமாக எண்ணவே இல்லையே. உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்தார், எல்லோரும் நம்பினார்கள். சொர்ணம்தான் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். கடைசி ஆட்டம். இஸ்பேட் துருப்பு, பத்துப் பிடி. முதல் சீட்டு சொர்ணத்துடையது. டம்மியாகப் போகிறவர் ஏலத்தில் ஆர்ட்டின் சொல்லியிருந்தார். சொர்ணம் கொஞ்சம் யோசித்தார். பிறகு எதிரே இருந்த தம்பியைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு, ஆர்ட்டின் இரண்டை வைத்தார்.

அந்தச் சிரிப்பிலேயே கமலக்கண்ணனுக்குப் புரிந்துவிட்டது. ஆஸ் அக்காவிடம் இருக்கிறது. டம்மி விரிந்தது. அதில் ராஜா இல்லை. ராஜா எதிராளியின் கையில், தன்னந்தனியாக. அவர் அதைப் போட்டுப் பிடித்தார். அதன்பின் ஆர்ட்டின் வந்தபோதெல்லாம் துருப்பால் வெட்டினார். பதிமூன்றாவது சுற்றில் சொர்ணத்தின் கையில் மிஞ்சியிருந்த ஒரே சீட்டு அந்த ஆஸ். அதையும் வைத்தார், அதுவும் வெட்டுப்பட்டது. முதலிலேயே ஆஸைப் போட்டிருந்தால் அந்த ஒரு பிடியில் வாக்கு உடைந்திருக்கும்.

மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. பல் டாக்டர் ஒருவர் வாய்விட்டே சிரித்தார். பாவாடை சாருக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஆஸுக்குக் கீழ போடலாம்னு உங்களுக்கு யாரும்மா சொன்னது?”

கமலக்கண்ணன் மதிப்பெண் தாளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் படிக்க ஒன்றுமே இல்லை.

“யாரும் சொல்லல. நானாத்தான் போட்டேன்” என்றார் சொர்ணம்.

பாவாடை சார் அங்கேயே முடிவைச் சொல்லிவிட்டார். கமலக்கண்ணன் சென்னைக்குப் போவார், பல் டாக்டர் அவருக்கு ஜோடி. கம்ப்யூட்டரில் அவ்வளவு நன்றாக ஆடுகிறவரை ஒருநாள் காய்ச்சலுக்காக விட்டுவிட முடியாது. சொர்ணம்மா அடுத்த வருஷம் பார்க்கலாம். கமலக்கண்ணன் தலையை ஆட்டினார். ஆட்டினார், அதுதான் பிறகு அவரைத் தூங்கவிடாமல் செய்தது. அந்தத் தலை யாருடையது என்று அவருக்கே வெறுப்பாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சொர்ணம் போன் செய்து, முடிந்தால் ஒரு நடை வந்துவிட்டுப் போகச் சொன்னார். திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தார் கமலக்கண்ணன். திட்டினால் தேவலை என்றுகூட நினைத்தார். ஆபீசிலிருந்து நேராக வண்டியை ரெட்டியார்பாளையத்துக்கு விட்டார்.

மேசைமேல் நோட்டு திறந்திருந்தது. பக்கத்தில் காபி. சொர்ணம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“நீங்க சொன்ன கணக்கு தப்பா இருக்காது தம்பி. நான்தான் எங்கியோ தப்பா புரிஞ்சிக்கிட்டேன். நாப்பத்தொண்ணாம் பக்கம். இன்னொரு தரம் சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

கமலக்கண்ணனின் வாய் தானாகத் திறந்தது. டம்மி ஆர்ட்டினை ஒருதரம் சொன்னால் போதாது, இரண்டுதரம் சொல்லியிருக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். எவ்வளவு அழகாக வருகிறது பாருங்கள். சொர்ணம் தலையை ஆட்டியபடி, ‘இரண்டுதரம்’ என்று எழுதி, அதன் கீழே கோடு இழுத்தார். அந்தப் பேனா நகர்வதை அவரால் பார்க்க முடியவில்லை.

“எழுதாதீங்கக்கா.”

சொர்ணம் நிமிர்ந்தார்.

“கணக்கெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. உங்க கையைப் பாத்துட்டுப் போட்டேன்.”

“என் கையையா?”

“எல்லார் கையையும். வேம்பு பேர்ல இன்னொரு கம்ப்யூட்டர்ல.”

எப்போதிலிருந்து என்று கேட்டார். பிப்ரவரியிலிருந்து என்றார். சொர்ணம் எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு சிவப்புப் பேனாவை எடுத்துவந்து, நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார். பார்த்து ஆடியதையெல்லாம் அடிக்கச் சொன்னார்.

கமலக்கண்ணன் அடித்தார். ஒரு பக்கத்துக்கு ஒரு குறுக்குக் கோடு. எத்தனை பக்கங்கள்! ‘தம்பி பிரமாதம்’ என்று ஓரத்தில் எழுதியிருந்த பக்கங்கள். ‘நான் இதை நினைக்கவே இல்லை, இன்னும் கவனம் வேண்டும்’ என்று தன்னையே கடிந்துகொண்டு எழுதியிருந்த பக்கங்கள். அக்கா தப்பே செய்யாத இடங்களில், தம்பியின் பொய்யை நம்பித் தன்மேல் தப்பு எழுதிக்கொண்டிருந்தார். அதைப் படித்தபோதுதான் அவமானம் அவர் காதுவரை சுட்டது. ஜெயித்தது ஒரு திருட்டு என்றால், இது இரண்டாவது திருட்டு. காபி ஆடை கட்டிப்போனது, அவர் தொடவில்லை.

பின்னாலிருந்து முன்னால் அடித்துக்கொண்டு வந்தவர், பதினொன்றாம் பக்கத்தில் நின்றார். ஜனவரி முப்பத்தொன்று.

“இது?” என்றார் சொர்ணம்.

“இது பாக்காம ஆடினதுங்க. தோத்துட்டோம்.”

சொர்ணம் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, ஓரத்தில் இருந்த வரியைப் படித்தார். “‘தம்பி கடைசி வரைக்கும் சரியா எண்ணினார். நான்தான் விட்டுட்டேன்.’” கண்ணாடியைக் கழற்றினார். “உங்களுக்கு எண்ண வருது தம்பி.”

கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால் கமலக்கண்ணன் நிம்மதியாக வாங்கிக்கொண்டிருப்பார். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கக்கூட யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

போன் அந்த அறை மூலையிலேயே இருந்தது. அதன்மேல் ஒட்டியிருந்த சீட்டில் முதல் நம்பர் பாவாடை சாருடையது. கமலக்கண்ணன் எழுந்து போய் எண்களை அழுத்தினார். ஒருமுறை தப்பாகப் போய், திரும்ப அழுத்தினார்.

“சார், கமலக்கண்ணன் பேசறேன். நான் சென்னைக்கி வரல. அன்னைக்கி யாரு சொல்லிக்குடுத்ததுன்னு கேட்டீங்களே, அதைச் சொல்லணும்.”

அந்தப் பக்கம், இருங்க, டிவியைக் குறைக்கிறேன் என்றார் பாவாடை சார். கமலக்கண்ணன் ரிசீவரைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார். சொர்ணம் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். தம்பி பேசி முடிக்கும்வரை இருக்கட்டும் என்று, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.